எண்ணிப் போட முடியாத கறி

கோவில்பட்டியில் கறி எடுக்கக் கிழமை பார்ப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ்களில் வாரச் சம்பளம் கொடுப்பதால் ஞாயிறு காலையில் கறிக்கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு. அன்றைக்கு அடுப்பில் கவிச்சி ஏறாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. திங்கள் சில வீடுகளில் சிவனுக்கு. வியாழக்கிழமை விரதம், சாயிபாபா கோயில்கள் பெருகிய பிறகு வந்து சேர்ந்துகொண்டது. எல்லாச் சாமிகளும் எடுத்துக்கொண்டது போக எங்களுக்கு மிஞ்சியது புதன். என் மெஸ்ஸில் புதன்கிழமை ராத்திரி கொத்துக்கறிச் சோறு என்று ஆனது அப்படித்தான்.

புதன்கிழமைக்கு இன்னொரு குணம் உண்டு. அன்றைக்கு யார் கையிலும் காசு இருக்காது. சனிக்கிழமைச் சம்பளம் வட்டிக்கும் பலசரக்குக் கடைப் பாக்கிக்கும் போய், திங்களோடு தீர்ந்திருக்கும். ஆறு நாள் வேலையில் நடுநாள். உடம்பு கெஞ்சும், நாக்கு கேட்கும், மடியில் ஒன்றும் இருக்காது. கால் கிலோ கறியில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். ஏழு மணிக்கு அடுப்பு மூட்டினால் எட்டு மணிக்குள் தட்டு வைக்க வேண்டும். குழம்பு வைத்தால் கறி வேகவே முக்கால் மணி நேரம் ஆகும், சோறு தனியாக வடிக்க வேண்டும். சுக்கா வறுத்தால் கால் கிலோ இரண்டு பேருக்குக் காணாது. பிரியாணி என்பது அந்தக் காலத்தில் பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மட்டும் கிடைக்கிற சாப்பாடு. இத்தனையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது, கறியைக் கொத்தி அரிசியோடு ஒரே சட்டியில் ஏற்றுகிற வழிதான்.

நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். அங்கே கறிக்கடை கிடையாது. பொங்கலுக்கோ, தீபாவளிக்கோ, ஊர்க் கொடைக்கோ நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கிடாயைப் பிடிப்பார்கள். உரித்து, பனையோலையை விரித்துக் கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல் துண்டு, குடல், கொழுப்பு எல்லாம் சரிசமமாக இருக்கும். யாராவது ஒரு கூறை உற்றுப் பார்த்தால் போதும், அதில் ஒரு துண்டு கூடிவிட்டதோ என்று கூறு போட்டவர் கலைத்து மறுபடி வைப்பார். காசு உடனே கொடுக்க முடியாதவர்கள் வெள்ளாமை வீடு வந்ததும் கொடுப்பார்கள்.

வாசலில் அவ்வளவு நியாயம் பார்த்த ஊர், வீட்டுக்குள் சட்டியை இறக்கியதும் வேறு கணக்குக்குப் போய்விடும். அகப்பை ஆச்சி கையில். முதலில் தாத்தாவுக்கு, பிறகு அய்யாவுக்கு, சித்தப்பாக்களுக்கு, ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. துண்டு எண்ணித்தான் விழும். கடைசியாக உட்காரும் பொம்பளைகளுக்குக் குழம்பும், குழம்பில் வெந்த கத்திரிக்காயும், கடித்துத் துப்ப எலும்பும். ஆச்சிக்கே அதுதான். யாரும் யாருக்கும் அநியாயம் செய்வதாக நினைக்கவில்லை. அரிசிச் சோறும் அந்த மாதிரி நாட்களில்தான். எங்கள் மண் மானாவாரி மண். கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் வத்தலும் விளையும். நெல்லுக்குத் தாமிரபரணிக்கரையைத்தான் பார்க்க வேண்டும்.

கறியைச் சோளப் பருமனில் கொத்திச் சோற்றோடு சேர்த்து வேகவைத்துவிட்டால் எண்ணுவதற்கு அதில் துண்டே இருக்காது. முதலில் சாப்பிடுகிறவனுக்கும் கடைசியில் வழித்துச் சாப்பிடுகிறவளுக்கும் ஒரே கறி. சொல்லப்போனால் அடிச்சட்டியில் பிடித்த காந்தல் கடைசியாள் பங்கு. அதுதான் ருசி அதிகம். இந்தச் சாப்பாட்டை நான் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் ருசி என்று சொன்னால் பொய்.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நான் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினேன், அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. விடியுமுன்னே ஆபீஸ் பஸ்கள் சுற்றுப்பட்டி ஊர்களுக்குப் போய்ப் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும். இருட்டிய பிறகு கொண்டுபோய் விடும். அடுக்கின கட்டைக்குத்தான் கூலி என்பதால் மத்தியானச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்போம். உள்ளூரில் வாடகைக்குக் குடியிருந்த பொம்பளைகள் சிலர் ராத்திரி சமைக்கத் தெம்பில்லாமல் வரும் வழியில் பன்னும் டீயும் வாங்கிக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். அவர்களுக்குத்தான் முதலில் என் வீட்டுத் திண்ணையில் சோறு போட ஆரம்பித்தேன். அது பிறகு நாலு பெஞ்சு போட்ட மெஸ் ஆனது. பெயர்ப்பலகை வைக்கவே இல்லை; 'மதினி கடை' என்றால் தெரியும்.

ஒரே சட்டியில் சமைக்கிற பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது கோவில்பட்டித் தண்ணீர். சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாயில் ஏறி வர வேண்டிய தண்ணீர். தெருக்குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாள் கணக்கில் காத்துக் கிடப்போம். வண்டித் தண்ணீர் குடத்துக்கு இவ்வளவு என்று விலை. சோறு வடிக்கக் கை தாராளமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், குழம்புச்சட்டி, சோற்றுப்பானை, கரண்டி என்று கழுவுவதற்கும் அதே தண்ணீர்தான். அளந்து ஊற்றி, ஊற்றியதை அரிசியே குடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சட்டியைக் கழுவினால் அரைக்குடம் மிச்சம். இன்றைக்குப் பத்திரிகைகளில் 'ஒன் பாட் மீல்' என்று படம் போட்டு எழுதுகிறார்கள். எங்களுக்கு அது குடம் தூக்கின இடுப்புக்குத் தெரிந்த விஷயம்.

விறகும் அப்படித்தான். மாசி, பங்குனியில் பருத்தி எடுத்து முடிந்ததும் காட்டில் பருத்திமாரைப் பிடுங்கிக் கட்டி விற்பார்கள். வருஷம் முழுக்க எங்கள் பக்கம் அதுதான் எரிபொருள். பருத்திமார் திகுதிகுவென்று எரியும், சீக்கிரம் அடங்கிவிடும். குழம்பு கொதிக்க அது சரிப்படாது. கொத்துக்கறி வறுக்க அதைவிட நல்ல தீ கிடையாது. வறுபட்டு அரிசி போட்டுத் தண்ணீர் கொதித்ததும் உடைமர விறகு ஒன்றைச் செருகிவிட்டால், அதன் கங்கு கடைசிவரை நிற்கும். அதில் கொஞ்சத்தை அள்ளி மூடிமேலும் போடலாம்.

இனிக் கறிக்கடை. இந்தச் சாப்பாட்டின் பாதிச் சமையல் அங்கேதான் நடக்கிறது.

எங்கள் தெருமுனைக் கறிக்கடை அண்ணாச்சி புளியங்கட்டையில் கொத்துவார். புளியமரம்தான் வேண்டும், அது வைரம் பாய்ந்த கட்டை, வெட்ட வெட்டச் சிலாம்பு கிளம்பாது. வேறு மரமாக இருந்தால் கறியோடு மரத்தூளும் வரும். ஞாயிற்றுக்கிழமை கொத்திக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "யக்கா, கூட்டத்தைப் பாருங்க. நீங்க கொத்தச் சொன்ன நேரத்துல நான் பத்துப் பேருக்கு நிறுத்து அனுப்பிருவேன்" என்பார். புதன்கிழமை அப்படி இல்லை. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு கையிலும் இரண்டு கத்தி பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டே கொத்துவார்.

அவரிடம் நான் கேட்டு வாங்கியது முன்னங்காலும் சப்பையும் கழுத்துக்கறியும். தொடைக்கறி விலைக்கும் அதிகம், கொத்துக்கறிக்கு ஆகவும் ஆகாது. அதில் கொழுப்பில்லை, சோற்றோடு வெந்தால் வறண்டு போகும். ஐந்து பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். கால் கிலோவில் ஒரு சின்னத் துண்டு ஈரலும் சேர்த்துக் கொத்தினால் சோற்றுக்கு ஒரு நிறமும் ஒரு கனமும் வரும். இன்னொன்று: கறியைக் கொத்துவதற்கு முன்னால் கழுவிவிட வேண்டும். கொத்திய பிறகு கழுவினால் ருசி முழுக்கத் தண்ணீரோடு போய்விடும், உள்ளே நிற்கிற தண்ணீர் வறுபடவும் விடாது. இதைச் சொன்னால் புதுப் பொம்பளைப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடையில் கொத்தினதைக் கழுவாமல் எப்படி மதினி என்பார்கள். அதனால்தான் முழுத்துண்டை நாமே நின்று பார்த்துக் கழுவி, பிறகு கட்டையில் வைக்கச் சொல்ல வேண்டும். கொத்திய கறி முழுக்கறியைவிடச் சீக்கிரம் கெடும், ஏனென்றால் எல்லாப் பக்கமும் காற்றுப் படுகிறது. கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் கடையிலிருந்து நேரே அடுப்புக்குப் போக வேண்டிய பொருள் அது.

பிற்பாடு கறி அரைக்கிற மெஷின் வந்தது. அண்ணாச்சிக்கு நிம்மதி, எனக்கு இல்லை. கத்தி நறுக்கும், மெஷின் நசுக்கும். நசுங்கின கறி சட்டியில் விழுந்ததும் கட்டியாகத் திரண்டுவிடும், பிறகு கரண்டியால் எவ்வளவு குத்தினாலும் உருண்டை உருண்டையாகத்தான் நிற்கும். மெஷின் கறிதான் கிடைக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. சட்டியில் போடுவதற்கு முன்னால் உப்புப் போடாமல், மஞ்சள்தூளும் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீரும் விட்டுக் கையால் நெகிழக் கரைத்துவிட்டால் தனித்தனியாக உதிரும். பெரிய ஓட்டை உள்ள தட்டு மாட்டி ஒரே தடவை விடச் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை விட்டால் அது உருண்டைக் குழம்புக்குத்தான் ஆகும்.

ஆட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கரிசலுக்கென்று ஆடுகள் உண்டு. கருப்பு உடம்பும் முகத்தில் இரண்டு பக்கமும் கொம்படியிலிருந்து இறங்குகிற கோடும் உள்ளது கன்னி ஆடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. உயரமாக, காலும் கழுத்தும் நீண்டிருப்பது கொடி ஆடு. வேம்பூரில் வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த செம்மறி உண்டு, பொட்டு ஆடு என்போம். எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின சந்தை என்றால் உள்ளே கால் வைக்க முடியாது. எங்கள் ஊரில் வெள்ளாட்டுக் கறி என்றால்தான் மதிப்பு. செம்மறி என்றால் முகம் சுளிப்பார்கள். முழுத்துண்டாக இருந்தால் பழகின கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், கொத்திவிட்டால் தெரியாது. அதனால் கொத்துக்கறியில் சில கடைகள் விளையாடும். என் அபிப்பிராயம் வேறு. செம்மறியின் கொழுப்பு இளகி அரிசியில் இறங்குகிற விதம் வெள்ளாட்டில் வராது. கொஞ்சம் மிளகு கூடப் போட்டால் வாடை அடங்கிவிடும். வாடிக்கைக்காரர்களிடம் சொல்லியே செய்திருக்கிறேன். முகம் சுளித்தவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

சமைக்கிற விதம் சுருக்கமானது. கால் கிலோ கறிக்கு அரைக் கிலோ அரிசி. அடிகனமான இருப்புச்சட்டி. கடலெண்ணெய் மூன்று கரண்டி, காய்ந்ததும் ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, சோம்பு. இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும். இஞ்சியும் பூண்டும் அம்மியில் நசுக்கினது, கறிவேப்பிலை, ஒரே ஒரு தக்காளி. தக்காளி அதிகமானால் அரிசி வேகத் தாமதமாகும், புளிப்பு அரிசியை இறுக்கிவிடும். பிறகு கறி.

இங்கேதான் பொறுமை வேண்டும். கறி விழுந்ததும் தண்ணீர் விட்டுக்கொண்டு கொதிக்கும். புதிதாகச் சமைக்கிறவர்கள் கொதிக்கிறதைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து அரிசியைப் போட்டுவிடுவார்கள். சோறு கவிச்சியடிக்கும், நிறமும் வராது. மூடாமல் பெருந்தீயில் வைத்துக் கிண்ட வேண்டும். தண்ணீர் வற்றினதும் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் நின்று, ஓட்டுக்கூரையில் கோடைமழை விழுகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம் வரும். அப்போதுதான் கறி வறுபட ஆரம்பித்திருக்கிறது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும். நான் இன்றைக்கும் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் கேட்கிறேன். மெஸ்ஸில் எட்டுப் பேர் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும்.

பொடி நம் ஊர்ப் பொடிதான். விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துச் சம்பா வத்தல், மல்லி, சீரகம், மிளகு வறுத்துத் திரித்தது. பாக்கெட் கரம் மசாலா போட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரே வாசனை வரும் என்பது அதன் நன்மை; எந்தக் கடைச் சாப்பாடு என்றே தெரியாது என்பது கெடுதல். பொடி போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டினதும் ஊறவைத்து வடித்த அரிசி, அதன்மேல் சுடுதண்ணீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வறுத்த கறி இறுகிவிடும்.

தண்ணீர் அளவைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அரிசியைச் சொல்லாமல் அளவு சொல்ல முடியாது. பொன்னிப் புழுங்கல் என்றால் ஒரு டம்ளருக்கு இரண்டரை. ரேஷன் புழுங்கல் என்றால் அரைமணி நேரம் ஊறின பிறகும் மூன்று கேட்கும். சீரகச் சம்பா ஒன்றே முக்காலில் நின்றுவிடும். நெல்லைப் பக்கத்து அம்பை 16 என்ற குண்டரிசி 1986இல் வெளிவந்த ரகம்; பார்க்க முரடாக இருக்கும், வயிறு நிறைக்கும், ஒரே சட்டிச் சமையலில் குழைந்து போகாமல் தாங்கும். கொத்துக்கறிக்குச் சீரகச் சம்பாவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பிரியாணிக்காரர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும். கொதிக்கும்போது தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தால் உப்பு ஒரு இழை தூக்கலாக இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கி அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மூடி, தீயைக் குறைத்து, பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது.

காலம் மாறினது அடுப்பில்தான் முதலில் தெரிந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தபோது சோற்றில் அதன் வாடை ஏறியதைப் பொறுத்துக்கொண்டோம். 2007இல் அரசாங்கம் இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் தெருவில் புகை குறைந்தது. 2011இல் மிக்ஸி, கிரைண்டர் வந்து அம்மி மூலைக்குப் போனது. கேஸில் ஒரு தொல்லை, தீ ஒரே இடத்தில் விழும், அடி பிடிக்கும். கடைசிப் பத்து நிமிஷம் சட்டிக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்தால் சரியாகிவிடும். குக்கரும் வந்தது. இரண்டு விசிலில் முடிகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். முடிகிறதுதான், காந்தல் வராது.

பெரிய மாற்றம் அரிசியில் வந்தது. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து இலவசம். அதுவரை புதன்கிழமை எனக்குக் கணக்கு அரிசிக்கும் கறிக்கும் இடையில் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீடுகளில் அரிசிக் கவலை போய்க் கறிக் கவலை மட்டும் நின்றது. மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் கறி கொஞ்சம் தூக்கலாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அதே சமயம் ஆட்டுக்கறி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இன்றைக்குக் கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட கறியை வைத்துக்கொண்டு சாதாரணச் சனங்களுக்குச் சாப்பாடு போடுவது எளிதில்லை.

அந்த இடத்தை நிரப்பியது பிராய்லர். பல்லடத்தில் விலை வைக்கிறார்கள், கோவில்பட்டியில் பலகையில் எழுதுகிறார்கள். கோழியைக் கொத்திச் சோறு ஆக்குவதற்கு வேறு முறை. கொழுப்பில்லாத நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கினால் சவசவவென்று இருக்கும், தொடையும் சேர வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வறுத்தால் வறண்டு உதிரும். எண்ணெய் ஒரு கரண்டி கூட, மிளகு கூட, கோழி ஈரல் இரண்டு. நாட்டுக்கோழியைக் கொத்தக் கூடாது. அது மென்று தின்ன வேண்டிய கறி.

கறியை நீட்டுவதும் ஒரு வேலைதான். தை, மாசியில் கரிசல்காட்டுப் பச்சைக் கொண்டைக்கடலை வரும். ஒரு கைப்பிடி போட்டால் கால் கிலோ கறி ஏழு பேருக்குப் போகும். மற்ற நாளில் ஊறவைத்த கடலைப்பருப்பு. உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கிப் போடலாம், முருங்கைக்கீரையைக் கடைசியில் தூவலாம். கிராமத்தில் என் அம்மா உப்புக்கண்டத்தை இடித்துக் குதிரைவாலிச் சோற்றில் போட்டுக் கிண்டுவாள், ஐஸ்பெட்டி இல்லாத காலத்துக் கொத்துக்கறி அது. புரட்டாசியில் மெஸ்ஸில் பாதிப்பேர் கறி தொட மாட்டார்கள். அந்த ஒரு மாதம் மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே முறையில் ஆக்குவேன். விரதக்காரர்கள் சிலர் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

குதிரைவாலி இப்போது மறுபடி வந்திருக்கிறது. 1901இலிருந்து எங்கள் ஊரில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கைவிடாமல் வைத்திருந்த தானியம். 2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்த பிறகு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற தானியமாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் குதிரைவாலியில் கொத்துக்கறிச் சோறு கேட்கிறார்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், சீக்கிரம் வெந்துவிடும். ஏழைகள் சாப்பிட்டதை இன்றைக்கு அரிசியைவிட அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. என் அம்மா இருந்தால் சிரித்திருப்பாள்.

ஒரு தடவை சங்கத்துக் கூட்டம் ஒன்றுக்கு இருநூறு பேருக்கு இதை ஒரே அண்டாவில் செய்துதரக் கேட்டார்கள். முடியாது என்றேன். மூன்று கிலோ அரிசிக்கு மேல் ஒரே பாத்திரத்தில் ஏற்றினால் மேல்பாரம் தாங்காமல் அடிச்சோறு குழையும், மேல்சோறு அரிசியாக நிற்கும், கறி அடியில் தங்கிவிடும். பெரிய பந்திகளில் அரிசியைத் தனியாக வேகவைத்து வடித்துப் பிறகு சேர்ப்பது இதனால்தான். பல தேக்சாக்களில் பிரித்து ஆக்கித் தருகிறேன், சம்மதமா என்றேன். சம்மதித்தார்கள். இது வீட்டுச் சாப்பாடு. வீட்டு அளவை மீறினால் வேறு ஒன்றாக ஆகிவிடும்.

எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்த ஒரு பையன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். லீவுக்கு வந்தபோது, அங்கேயும் இந்த மாதிரி உண்டு மதினி என்றான். 1971இல் மாட்டுக்கறி விலை ஏறிய சமயத்தில் ஜெனரல் மில்ஸ் கம்பெனி 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்ததாம். உள்ளே சேமியா மாதிரிப் பொருளும் மசாலாப் பொடியும் இருக்கும். ஒரு பவுண்டு கொத்துக்கறியை வாங்கி ஒரே சட்டியில் சேர்த்துக் கிண்டினால் குடும்பமே சாப்பிடலாம். லூசியானாவில் கோழி ஈரலும் கொத்துக்கறியும் போட்ட சோற்றுக்கு 'அழுக்குச் சோறு' என்றே பெயராம். வேலை முடிந்து களைத்து வருகிற பொம்பளைக்கு எந்த ஊரிலும் அதே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது போலும்.

தீப்பெட்டி விலை பதினாலு வருஷமாக ஒரு ரூபாயில் நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் பல ஆபீஸ்களில் மெஷின் வந்துவிட்டது, கட்டை அடுக்கியவர்களில் பாதிப்பேர் இல்லை. மெஸ்ஸுக்கு இப்போது வருவது மொபைல் கடை, ஜவுளிக்கடைப் பிள்ளைகளும், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களும். அவர்கள் செல்போனில் படம் எடுத்த பிறகுதான் கை வைக்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. சமையல் குறிப்புக் கேட்டால் மட்டும் எழுதித் தராமல் புதன்கிழமை ஆறரை மணிக்கு வந்து சட்டி பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன். சிலர் வந்தும் நின்றிருக்கிறார்கள். பையன்கள்தான் அதிகம், இது புதுசு.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போய்க் கொத்துக்கறி கேட்காதீர்கள். மெஷினில் விட்டதை நிறுத்துக் கையில் திணித்துவிடுவார்கள். புதன்கிழமை சாயங்காலம் போங்கள். முன்னங்கால் சப்பையைக் காட்டிக் கேளுங்கள், கழுவச் சொல்லுங்கள், ஒரு துண்டு கொழுப்பு சேர்த்துக் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தச் சொல்லுங்கள். முனங்குவார். நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.